காது, மூக்கு, தொப்புள் குத்திக்கொள்ளும் முன்: வட சென்னைக்காரர்களுக்கு முழுமையான வழிகாட்டி

வட சென்னையில் காது குத்தும் இடத்துக்குப் பஞ்சமில்லை. வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டுப் பக்கத்து ஃபேன்சி ஸ்டோர், சவுகார்பேட்டை நகைக்கடை, பியூட்டி பார்லர், டாட்டூ கடை, கோயில் வாசலில் உட்கார்ந்திருக்கும் ஆசாரி, கிளினிக் வைத்திருக்கும் காது மூக்கு தொண்டை டாக்டர் என்று வரிசையாகச் சொல்லலாம். எல்லா இடத்திலும் ஓட்டை விழும். ஒழுங்காக ஆறுமா என்பதுதான் இடத்துக்கு இடம் மாறுகிறது.

குத்துகிற வேலை ஓரிரு விநாடியில் முடிந்துவிடும். ஊசியை உங்கள் கண்முன் பிரித்தார்களா, உள்ளே போகிற உலோகம் என்ன, அடுத்து வரும் மாதங்களில் அதில் கை வைக்காமல் விட்டீர்களா, இந்த மூன்றில்தான் நல்லதும் கெட்டதும் இருக்கிறது. முதல் இரண்டையும் உறுதி செய்துகொள்ள வேண்டிய நேரம், நாற்காலியில் உட்காருவதற்கு முன்பு.

இப்போது குத்தலாமா, தள்ளிப்போட வேண்டுமா

சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர்கள் அதைச் சரிசெய்த பிறகு வாருங்கள். புண் ஆறத் தாமதமாகும், கிருமி சீக்கிரம் பிடிக்கும். வார்ஃபரின், குளோபிடோக்ரெல் போல ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் தாங்களாக அதை நிறுத்தக் கூடாது. எழுதிக்கொடுத்த டாக்டரிடம் கேளுங்கள். சின்ன வயதில் ருமாட்டிக் காய்ச்சல் வந்து இதய வால்வு பாதிக்கப்பட்டவர்களும் செயற்கை வால்வு வைத்தவர்களும் இதய டாக்டரின் சம்மதம் இல்லாமல் எங்கேயும் குத்தக் கூடாது. ஓட்டை வழியாக ரத்தத்தில் நுழையும் பாக்டீரியா அந்த வால்வில் போய் உட்கார்ந்துகொள்ளும். முகப்பருவுக்கு ஐசோட்ரெட்டினாயின் சாப்பிட்டவர்கள் நிறுத்தி 6 மாதம் பொறுக்க வேண்டும். கர்ப்பமாக இருக்கும்போது தொப்புளும் மார்புக் காம்பும் வேண்டாம்.

நம் சருமத்துக்கு முக்கியமான கேள்வி இன்னொன்று: கீலாய்டு. காயம் ஆறிய பிறகும் தழும்பு நிற்காமல் வளர்ந்து, காயத்தின் எல்லையைத் தாண்டிப் பரவும் கட்டி இது. வெள்ளைத் தோல் உள்ளவர்களைவிட நம் போன்ற நிறத்தவர்களுக்கு அதிகம் வரும், குடும்பத்தில் ஓடும். தோளில் உள்ள தடுப்பூசித் தழும்பு புடைத்து நிற்கிறதா, நெஞ்சில் பரு வந்த இடம் கெட்டியாகிப் போயிருக்கிறதா, அம்மாவுக்கோ அக்காவுக்கோ காதுச் சோணையில் உருண்டையாக ஏதாவது வளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். ஆம் என்றால் மேல்காது குத்துவதை விட்டுவிடுங்கள். கீலாய்டை வெட்டி எடுத்தாலும், கூடவே வேறு சிகிச்சை தராவிட்டால், பெரும்பாலும் திரும்ப வளரும்.

தடுப்பூசி இரண்டு. டெட்டனஸ் ஊசி போட்டு 10 வருடம் ஆகியிருந்தால் ஒன்று போட்டுக்கொள்ளுங்கள். ஹெபடைடிஸ் பி ஊசியைப் பெரியவர்கள் 0, 1, 6 மாதக் கணக்கில் மூன்று தவணையாகப் போட வேண்டும். சின்ன வயதில் போட்டிருந்தார்களா என்று தெரியாதவர்கள் முதல் இரண்டு தவணையாவது முடித்துவிட்டுக் குத்துவது நல்லது. ஊசி வழியாகப் பரவும் நோய்களில் ஹெபடைடிஸ் பி மிகச் சுலபமாகத் தொற்றக்கூடியது. இதற்குத் தடுப்பூசி உண்டு. ஹெபடைடிஸ் சி-க்கும் எச்.ஐ.வி.க்கும் இல்லை.

எந்த இடம், எவ்வளவு நாள்

காதுச் சோணை வெறும் சதை. ரத்த ஓட்டம் நன்றாக இருப்பதால் 6 முதல் 8 வாரத்தில் ஆறும். முதல் முறை குத்துபவர்கள் இங்கேதான் தொடங்க வேண்டும். செகண்ட்ஸ் (சோணையில் இரண்டாவது ஓட்டை) போடுவதாக இருந்தால் முதல் ஓட்டைக்கும் அதற்கும் நடுவே 8 மி.மீ. ஆவது விடுங்கள், இல்லாவிட்டால் பிற்பாடு பெரிய தோடு போட்டால் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்ளும். சோணையின் கீழ் விளிம்புக்கு ரொம்பப் பக்கத்தில் குத்தினால் ஜிமிக்கியின் கனத்தில் ஓட்டை நீண்டு, கடைசியில் கிழிந்தே போகும்.

மேல்காது வேறு கதை. பாட்டிமார்கள் கொப்பும் முருகும் போட்டிருந்த அதே பகுதியில்தான் இப்போது ஹீலிக்ஸ் (மேல் விளிம்பு), கான்ச் (காதின் உள்குழிவு), டிராகஸ் (காதுத் துளைக்கு முன்னால் இருக்கும் சின்ன மேடு) குத்துகிறார்கள். அது குருத்தெலும்பு. அதற்கென்று தனி ரத்தக்குழாய் கிடையாது, மேலே போர்த்தியிருக்கும் மெல்லிய சவ்விலிருந்துதான் ஊட்டம் வர வேண்டும். அதனால் ஆற 6 மாதம் முதல் ஒரு வருடம் ஆகும். கிருமி பிடித்தால் மருந்து போய்ச் சேருவதும் கடினம். ஒரே நாளில் இரண்டு காதிலும் மேல்காது குத்திக்கொள்ளாதீர்கள். இரவில் ஒருக்களித்துப் படுக்க ஒரு பக்கமாவது மிச்சம் வேண்டும்.

மூக்கு மடல் 4 முதல் 6 மாதம். வலதா இடதா என்பது வீட்டு வழக்கம், உடம்புக்கு இரண்டும் ஒன்றுதான். மடல் கன்னத்தோடு சேருகிற வளைவுப் பள்ளத்துக்குச் சற்று முன்னால் குத்துவது வழக்கமான இடம். பள்ளத்துக்குள்ளேயே குத்தினால் மூக்குத்தி சாய்ந்து நிற்கும், சிரிக்கும்போதெல்லாம் உரசும். புல்லாக்கு போடும் நடுமூக்கில், குருத்தெலும்புக்கு முன்னால் இருக்கும் மெல்லிய சவ்வில் சரியாகக் குத்தினால் 2 முதல் 3 மாதத்தில் ஆறிவிடும். ‘மூளை வரைக்கும் வலித்தது’ என்று யாராவது சொன்னால் பெரும்பாலும் ஊசி குருத்தெலும்பில் இறங்கியிருக்கிறது.

தொப்புளுக்கு 6 மாதம் முதல் ஒரு வருடம். மேல் உதடு போலத் தெளிவான மடிப்பு இருக்கும் தொப்புளுக்குத்தான் வழக்கமான வளைந்த கம்பி பொருந்தும். உட்காரும்போது மடிப்பு சரிந்து மூடிக்கொண்டால் கம்பி அழுந்தி வெளியே தள்ளப்படும். அதனால் நின்றபடி மட்டும் பார்த்துக் குறி வைப்பவரிடம், உட்கார்ந்தும் பார்க்கச் சொல்லுங்கள். பாவாடை நாடாவும் ஜீன்ஸ் பட்டனும் தொப்புள் புண்ணுக்கு முதல் எதிரி. தினமும் சேலை கட்டுபவர்கள் நாடாவை இரண்டு விரல் இறக்கிக் கட்ட முடியுமா என்று யோசித்த பிறகு முடிவு செய்யுங்கள்.

நாக்கு 4 முதல் 6 வாரத்தில் ஆறிவிடும், ஆனால் பல் போகும். கம்பியின் உருண்டை பல்லில் இடித்து விளிம்பு உடைவதும் கீழ்ப்பல் ஈறு இறங்குவதும் நாளாக ஆக நடப்பவை. உதட்டிலும் ஈறுக்கு இதே ஆபத்து. புருவம் சில வாரங்களில் ஆறினாலும் உடம்பு அந்தக் கம்பியை மெல்ல வெளியே தள்ளிவிடுவது அதிகம்.

நாக்கைப் பிளப்பது, தோலுக்குள் பொருள் புதைப்பது எல்லாம் பியர்சிங் கணக்கில் வராது, அவை அறுவைச் சிகிச்சை. 2024 டிசம்பரில் திருச்சியில் டாட்டூ கடை நடத்தி நாக்கைப் பிளந்துவந்தவர் கைதாகி, கடைக்கு மாநகராட்சி சீல் வைத்தது. அப்படிச் செய்வதாக விளம்பரம் போடும் கடையில் காதுகூடக் குத்திக்கொள்ளாதீர்கள்.

கன் ஷாட் ஏன் வேண்டாம்

கன் என்பது ஸ்பிரிங் வைத்த பிளாஸ்டிக் கருவி. அதில் ஊசியே கிடையாது. தோட்டின் மழுங்கிய தண்டையே வேகமாகத் தள்ளி, சதையை நசுக்கிக் கிழித்துக்கொண்டு போகச் செய்கிறது. உள்ளே துளையுள்ள ஊசி கத்திபோல ஒரு சின்ன அரைவட்டமாகச் சதையை வெட்டி வழிவிடும், அதனால் புண் சுத்தமாக ஆறும். சோணையில் இந்த வித்தியாசம் வீக்கத்தோடு போகலாம். மேல்காதில் கன் அடித்தால் குருத்தெலும்பு நசுங்கும், சவ்வு பிய்ந்து ரத்தம் கட்டும். குருத்தெலும்பில் வரும் மோசமான தொற்றுகளுக்கு இது நல்ல அடித்தளம்.

இரண்டாவது சிக்கல் சுத்தம். பிளாஸ்டிக் உடல் ஆட்டோகிளேவ் (அழுத்த நீராவியில் கிருமியைக் கொல்லும் மெஷின்) சூட்டைத் தாங்காது. ஒருவர் காதில் தெறித்த ரத்தத்தை ஸ்பிரிட் பஞ்சால் துடைத்துவிட்டு அடுத்தவருக்கு எடுத்தால் அது சுத்தமாகிவிடாது. மூன்றாவது, கன் தோட்டின் தண்டு குட்டை. பின்னால் வரும் வண்ணத்துப்பூச்சி வடிவ அடைப்பான் ஒரே அளவில் இறுகும். சதை வீங்கினால் தோடு உள்ளே புதைந்துபோகும். அந்த அடைப்பானின் சுருளுக்குள் சீழும் சோப்பும் சேர்ந்து நாறும்.

ஒருவருக்கு ஒன்று என்று தூக்கிப்போடும் கேசட் உள்ள கருவியை, சோணைக்கு மட்டும், வேறு வழியே இல்லாதபோது ஏற்றுக்கொள்ளலாம். மூக்குக்கும் மேல்காதுக்கும் எந்தக் கன்னும் வேண்டாம். டாக்டர் கிளினிக்கிலும் கன் வைத்திருப்பார்கள், வெள்ளைக் கோட்டைப் பார்த்துக் கேட்காமல் இருந்துவிடாதீர்கள். ‘ஊசியில் குத்துவீர்களா, கன்னிலா?’ என்று போனிலேயே கேட்டுவிட்டால் அலைச்சல் மிச்சம்.

ஆளைத் தேர்ந்தெடுப்பது

கடை வைக்க மாநகராட்சித் தொழில் உரிமம் வாங்கியிருக்கலாம். அது கடைக்கான அனுமதி, குத்தும் திறமைக்குச் சான்று இல்லை. சுவரில் மாட்டியிருக்கும் சான்றிதழும் இரண்டு நாள் வகுப்புக்குக் கொடுத்ததாக இருக்கலாம். அதனால் சோதனையை நீங்கள்தான் செய்ய வேண்டும். குத்தும் எண்ணம் இல்லாத ஒரு நாளில் போய்ப் பத்து நிமிடம் பேசிவிட்டு வாருங்கள்.

முதலில் ஆட்டோகிளேவைக் காட்டச் சொல்லுங்கள். பிரஷர் குக்கரின் தத்துவம்தான்: நீராவி 121 டிகிரி செல்சியஸில், 15 பவுண்டு அழுத்தத்தில் குறைந்தது 15 நிமிடம் நின்றால் பாக்டீரியாவின் வித்துகளும் சாகும். 134 டிகிரி என்றால் 3 நிமிடமே போதும். பார்லர்களில் நீல விளக்கு எரியும் பெட்டி ஒன்று இருக்கும். அதற்குள் வைப்பது ஸ்டெரிலைஸ் செய்வது ஆகாது. விளக்கு படாத பக்கத்தில் கிருமி அப்படியே இருக்கும். வெந்நீரில் கொதிக்க வைப்பதும் டெட்டாலில் ஊறப்போடுவதும் நெருப்பில் காட்டுவதும் இதற்கு ஈடாகாது.

ஆட்டோகிளேவில் வைத்த இடுக்கியும் நகையும் ஒரு பக்கம் காகிதம், ஒரு பக்கம் பிளாஸ்டிக் உள்ள பையில் ஒட்டி மூடியிருக்கும். பையின் ஓரத்தில் ஒரு சின்னக் குறி, சூடு பட்டால் நிறம் மாறும். மாறியிருக்கிறதா, தேதி எழுதியிருக்கிறதா, பை ஈரமோ கிழிசலோ இல்லாமல் இருக்கிறதா என்று பாருங்கள். ‘ஸ்போர் டெஸ்ட் எப்போது செய்தீர்கள்?’ என்று கேளுங்கள். மெஷின் உண்மையிலேயே கிருமியைக் கொல்கிறதா என்பதைக் காட்டுவது அந்தச் சோதனைதான், மாதம் ஒருமுறை செய்ய வேண்டும். இந்தக் கேள்விக்குக் கோபப்படுபவர் உங்களுக்கு வேண்டாம். எல்லாவற்றையும் தூக்கிப்போடும் பொருளாகவே வைத்து, ஆட்டோகிளேவ் இல்லாமல் வேலை செய்யும் கடைகளும் உண்டு. ஊசி, இடுக்கி, நகை மூன்றும் சீல் பிரிக்காத பாக்கெட்டில் வந்தால் அதுவும் சரி.

ஊசி நம் ஊரில் பெரும்பாலும் மருத்துவமனையில் டிரிப் ஏற்றும் கேனுலாதான். நிறத்தை வைத்து அளவு தெரியும் (கேஜ் எண் குறையக் குறைய ஊசி தடிமன்): இளஞ்சிவப்பு 20 கேஜ், பச்சை 18, சாம்பல் 16, ஆரஞ்சு 14. ஊசியை உருவிவிட்டு, உள்ளே நிற்கும் மெல்லிய பிளாஸ்டிக் குழாய் வழியாக நகையை இழுத்துவிடுவார்கள். நல்ல கைக்காரரிடம் இது பாதுகாப்பான முறை. பாக்கெட்டில் காலாவதித் தேதியைப் படித்துவிட்டுத்தான் பிரிக்கச் சொல்ல வேண்டும்.

அவர் முன்பு குத்தியவற்றின் படங்களைக் கேளுங்கள். குத்திய அன்று எடுத்ததைவிட, ஆறு மாதம் கழித்து எடுத்தது நிறையச் சொல்லும். பயன்படுத்திய ஊசியைப் போட, குத்தினாலும் ஓட்டை விழாத கெட்டியான டப்பா இருக்கிறதா பாருங்கள். குப்பைத்தொட்டியில் ஊசி கிடந்தால் திரும்பிவிடுங்கள். எங்கள் கணக்கில் எல்லாவற்றையும்விடப் பெரிய அடையாளம் ஒன்று உண்டு: உங்கள் உடலமைப்புக்கு ஒத்துவராத இடத்தைக் கேட்டால் ‘வேண்டாம்’ என்று சொல்லிப் பணத்தை விடுகிறவர் நல்ல பியர்சர். எல்லாவற்றுக்கும் ‘பண்ணிடலாம்’ என்பவரிடம் ஜாக்கிரதையாக இருங்கள்.

உள்ளே போகும் உலோகம்

புதுப் புண்ணுக்கு முதல் தேர்வு இம்ப்ளாண்ட் தர டைட்டானியம். ஏஎஸ்டிஎம் எஃப்136 என்ற தர எண்ணைச் சொல்லிக் கேளுங்கள், எலும்பில் பொருத்தும் கம்பிகளுக்கும் இதே தரம்தான். நிக்கல் தொல்லை கிடையாது, எடையும் குறைவு. ‘சர்ஜிக்கல் ஸ்டீல்’ என்று விற்பது பெரும்பாலும் 316எல். அதில் நிக்கல் 10 முதல் 14 சதவீதம் உண்டு. கவரிங் நகை போட்டால் அரிப்பவர்கள் அதைத் தொடவே கூடாது. கவரிங், ஒரு கிராம் கோல்டு, வெள்ளி மூன்றும் ஆறாத ஓட்டைக்கு ஆகாது. வெள்ளி கறுத்துத் தோலிலேயே கறையாகத் தங்கிவிடும்.

தங்கம் பற்றி வீட்டில் வாக்குவாதம் வரும். பியர்சிங் உலகில் முதல் நகைக்கு 14 முதல் 18 காரட் கெட்டித் தங்கத்தைச் சொல்கிறார்கள், காரணம் 22 காரட் மிருதுவானது, தண்டில் கீறல் விழுந்தால் அதில் கிருமி தங்கும். ஆனாலும் சோணைக்கு மட்டும், தண்டு வழவழப்பாக இருந்தால், 916 தங்கம் நம் வீடுகளில் பெரும்பாலும் தொல்லையில்லாமல் ஆறத்தான் செய்கிறது. கவனிக்க வேண்டியது வேறு: 2023 ஏப்ரல் 1 முதல் 6 இலக்க ஹெச்யூஐடி (ஒவ்வொரு நகைக்கும் தனியாகத் தரும் ஹால்மார்க் அடையாள எண்) முத்திரை இல்லாமல் தங்க நகை விற்கக் கூடாது, ஆனால் 2 கிராமுக்குக் குறைவான நகைக்கு அந்தக் கட்டாயம் கிடையாது. மூக்குத்தியும் குழந்தைத் தோடும் அந்த எடைக்குள்தான் வரும். அதனால் நம்பிக்கையான கடையில், காரட் எழுதிய பில்லோடு வாங்குங்கள். தண்டில் பற்றவைத்த தடம் தெரிந்தால் வேறு எடுங்கள்.

தடிமனும் நீளமும் சேர்ந்துதான் அளவு. சோணைக்கும் மூக்குக்கும் 20 கேஜ் (0.8 மி.மீ.) அல்லது 18 கேஜ் (1 மி.மீ.), மேல்காதுக்கு 16 கேஜ் (1.2 மி.மீ.), தொப்புளுக்கும் நாக்குக்கும் 14 கேஜ் (1.6 மி.மீ.). திருகாணி போடும் நம் ஊர்த் தோட்டின் தண்டு சற்றுத் தடிமன். பிறகு அதைத்தான் போடப்போகிறீர்கள் என்றால் முன்கூட்டியே காட்டிவிடுங்கள். முதல் தண்டு வீக்கத்துக்கு இடம்விட்டு 2 மி.மீ. நீளமாக இருக்க வேண்டும். பின்பக்கம் தட்டையான வட்டு உள்ள லேப்ரெட் வகை நல்லது. வீக்கம் வடிந்த பிறகு, மேல்காது என்றால் 4 முதல் 8 வாரத்தில், நாக்கு என்றால் 2 முதல் 4 வாரத்தில், குட்டைத் தண்டாக மாற்றப் போக வேண்டும். இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். நீளத் தண்டு ஆடி ஆடி ஓட்டையைச் சாய்க்கும், அந்த உரசலில்தான் பொரிப்பு வரும்.

குத்தும் நாள்

காலத்தைத் தேர்ந்தெடுக்க முடிந்தால் தை, மாசி. வியர்வை குறைவு, தெருவில் வெள்ளமும் இருக்காது. சித்திரை, வைகாசிப் புழுக்கத்திலும், வியாசர்பாடி, கொருக்குப்பேட்டைப் பக்கம் மழைத்தண்ணீரும் சாக்கடையும் கலந்து நிற்கும் ஐப்பசி, கார்த்திகையிலும் தொப்புள் போன்ற நீண்ட புண் வேண்டாம். இரண்டு மணி நேரத்துக்குள் சாப்பிட்டிருங்கள். வெறும் வயிற்றோடு உட்காருபவர்கள்தான் அதிகம் மயங்கி விழுகிறார்கள். முதல் நாளும் அன்றும் மது வேண்டாம்.

நாற்காலியில் நடக்க வேண்டியது இந்த வரிசையில்:

1. அவர் சோப்புப் போட்டுக் கை கழுவுவார், புதுக் கையுறை மாட்டுவார்.
2. குத்தும் இடத்தை 70 சதவீத ஆல்கஹாலாலோ குளோர்ஹெக்சிடினாலோ துடைத்து, தானாகக் காய விடுவார். ஊதவோ விசிறவோ கூடாது. ஈரமாக இருக்கும்போதே குத்தினால் துடைத்ததன் பலன் முழுதாகக் கிடைக்காது.
3. ஒருமுறை மட்டும் பயன்படும் மார்க்கரால் புள்ளி வைத்து, கண்ணாடியைக் கையில் தருவார். நிமிர்ந்து நேராகப் பாருங்கள். பிடிக்காவிட்டால் பத்து முறை மாற்றச் சொல்லலாம், வெட்கப்பட வேண்டாம். இரண்டு காதும் இயல்பாகவே ஒரே உயரத்தில் இருக்காது, அதனால் அளவுகோலைவிடக் கண்ணுக்குச் சமமாகத் தெரிவது முக்கியம்.
4. கையுறையை மாற்றிக்கொண்டு, ஊசியையும் நகையையும் உங்கள் முன் பிரிப்பார். நடுவில் போனை எடுத்தாலோ இழுப்பறையைத் திறந்தாலோ மறுபடி கையுறை மாற்ற வேண்டும். மாற்றாவிட்டால் வாய்விட்டுச் சொல்லுங்கள்.
5. மூச்சை இழுத்து வெளியே விடும்போது ஊசி போகும், பின்னாலேயே நகை வரும்.
6. ஊசி நேராக டப்பாவுக்குள் போகும். மூடியை மறுபடி மாட்டுகிறவர் தன் கையையே குத்திக்கொள்வார்.

மரத்துப்போகும் ஊசி போடுவது டாக்டரின் வேலை. பியர்சர் லிக்னோகெயின் ஊசியை எடுத்தால் எழுந்துவிடுங்கள்.

குழந்தைக்குக் காது குத்து

பெரியபாளையத்தம்மன் கோயிலிலோ குலதெய்வக் கோயிலிலோ மொட்டை போட்டு, தாய்மாமன் மடியில் உட்காரவைத்துக் காது குத்துவது வீட்டின் பெரிய நாள். அதை விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. 14-வது வாரத் தடுப்பூசி முடிந்த பிறகு, முடிந்தால் ஒரு வயது ஆகும்போது வைத்துக்கொள்ளுங்கள். ஆசாரி பெரும்பாலும் குழந்தையின் தங்கக் கம்பியின் கூர்முனையாலேயே குத்துவார். கை பழகியவர்தான், ஆனால் மடி மேலே, கும்பலில், அடுத்தடுத்த குழந்தை என்று போகும்போது கை கழுவ நேரமிருக்காது.

இரண்டு வழி இருக்கிறது. முதலாவது, விழாவுக்கு இரண்டு மாதம் முன்பே குழந்தை டாக்டரிடமோ காது மூக்கு தொண்டை டாக்டரிடமோ ஊசியால் குத்தி ஆறவைத்துவிட்டு, விழா நாளில் மாமன் மடியில் சீர்த் தோட்டை மாட்டிவிடுவது. நாங்கள் இதைத்தான் சொல்வோம். இரண்டாவது, ஆசாரியே குத்தட்டும் என்றால் தோட்டையும் கம்பியையும் கிளினிக்கில் ஆட்டோகிளேவ் செய்து பையோடு கொண்டுபோங்கள். மெடிக்கலில் கையுறையும் ஸ்பிரிட் ஸ்வாபும் வாங்கிக் கையில் கொடுங்கள். ‘அண்ணே, குழந்தைக்கு அலர்ஜி, டாக்டர் சொல்லியிருக்காரு, இதைப் போட்டுக்கிட்டுக் குத்துங்க’ என்றால் யாரும் மறுக்க மாட்டார்கள். குறியை, குழந்தை நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும்போது வைக்கச் சொல்லுங்கள். மஞ்சளும் விபூதியும் நெற்றியோடு நிற்கட்டும், ஓட்டைக்கு வேண்டாம். திருகாணி கழன்றால் குழந்தை வாயில் போட்டுக்கொள்ளும், தினமும் இரவில் பாருங்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு

மருந்து ஒன்றே ஒன்று: 0.9 சதவீத நார்மல் சலைன். மெடிக்கலில் கிடைக்கும். பெரிய டிரிப் பாட்டில் வேண்டாம், திறந்த பாட்டில் சில நாளில் கெட்டுவிடும். இருப்பதில் சின்ன அளவாக வாங்குங்கள். காலை ஒருமுறை, இரவு ஒருமுறை சோப்புப் போட்டுக் கை கழுவி, காஸ் துணியைச் சலைனில் நனைத்து ஒரு நிமிடம் வைத்து, ஊறிய பொறுக்கை மட்டும் துடைத்து, புதுக் காஸால் ஒற்றி உலர்த்துங்கள். பஞ்சு நார் சிக்கும். உப்பைத் தண்ணீரில் கரைக்கிறேன் என்று கண்ணளவில் போட்டால் பெரும்பாலும் கரிப்பு அதிகமாகித் தோல் வறண்டு வெடிக்கும்.

டெட்டால், ஸ்பிரிட், ஹைட்ரஜன் பெராக்சைடு புதிதாக வளரும் தோலையும் சேர்த்துக் கொல்லும். ஆன்டிபயாடிக் களிம்பும் தேங்காயெண்ணெய் மஞ்சளும் ஓட்டையை அடைத்துக் காற்றை மறைக்கும். வேப்பங்குச்சி, துடைப்பக் குச்சி செருகுவது பழைய வழக்கம். அதன் நார் உள்ளே உடைந்து தங்கினால் சீழ் வைக்கும். ‘தினமும் தோட்டைத் திருகிவிடு, இல்லாவிட்டால் ஒட்டிக்கொள்ளும்’ என்று பெரியவர்கள் சொல்வார்கள். ஒட்டாது. திருகும்போது உள்ளே வளர்ந்த மெல்லிய தோல் பிய்ந்து, காய்ந்த பொறுக்கு ஓட்டைக்குள் இழுபடும். தொடாமல் விட்டாலே பாதி வேலை முடிந்தது.

தலையணை உறையை இரண்டு நாளுக்கு ஒருமுறை மாற்றுங்கள். எண்ணெய்க் குளியலில் காது, மூக்குப் பக்கம் எண்ணெய் வழியாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஹெல்மெட்டைப் போடும்போது இரண்டு பக்கப் பட்டையையும் விரித்துப் பிடித்து இறக்குங்கள், உள்ளே பருத்தித் துணித் தொப்பி போட்டுத் தினமும் துவையுங்கள். எண்ணூர் விரைவுச் சாலையில் லாரித் தூசியோடு தினமும் போய்வருபவர்கள் வீட்டுக்கு வந்ததும் ஒருமுறை சலைன் தெளிக்கலாம். காசிமேடு, திருவொற்றியூர்க் கடலிலும் நீச்சல் குளத்திலும் புண் ஆறும்வரை இறங்காதீர்கள். துப்பட்டா நூலும் பூந்துவாலையும் மாட்டி இழுப்பதுதான் நாம் கேள்விப்படும் விபத்துகளில் பாதி.

நாக்குக்கு ஐஸ்கட்டி, ஆல்கஹால் இல்லாத மவுத்வாஷ், ஒரு வாரம் காரமில்லாத தயிர் சாதம்.

சரியில்லை என்று எப்படித் தெரியும்

முதல் சில நாள் சிவப்பு, வீக்கம், லேசான வலி, வெள்ளையோ வெளிர்மஞ்சளோ நீர் வடிந்து காய்வது எல்லாம் இயல்பு. பச்சையாகவோ கெட்டியாகவோ சீழ், துர்நாற்றம், நாளாக ஆகக் கூடும் வலி, சுற்றிலும் பரவும் சூடு, காய்ச்சல் வந்தால் தொற்று. அப்போது தோட்டை நீங்களாகக் கழற்றாதீர்கள். ஓட்டையின் வாய் மூடிக்கொண்டு சீழ் உள்ளேயே கட்டும். அதை டாக்டர் முடிவு செய்யட்டும்.

மேல்காது முழுக்கச் சிவந்து வீங்கி, சோணை மட்டும் பழையபடி இருந்தால் அது குருத்தெலும்புச் சவ்வில் தொற்று. பெரும்பாலும் சூடோமோனாஸ் என்ற பாக்டீரியா. மெடிக்கலில் கேட்டு வாங்கும் அமாக்ஸிசிலின் அதற்கு வேலை செய்யாது. நாள் கடந்தால் குருத்தெலும்பு கரைந்து காது சுருங்கிவிடும், பழைய வடிவம் திரும்பாது. அன்றைக்கே ஸ்டான்லி அரசு மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவுக்கோ அருகிலுள்ள டாக்டரிடமோ போங்கள்.

ஓட்டையின் வாயில் சின்னச் சிவப்புக் கட்டி வந்தால் எல்லோரும் கீலாய்டு என்று பயப்படுகிறார்கள். முதல் சில வாரங்களில் வந்து ஈரமாக இருப்பது பெரும்பாலும் உரசலால் வந்த பொரிப்பு. தண்டின் நீளத்தை, உலோகத்தை, படுக்கும் பக்கத்தைச் சரிசெய்தால் அடங்கும். கீலாய்டு மாதங்கள் கழித்து, உலர்ந்து, கெட்டியாக, ஓட்டையைத் தாண்டி வளரும். அது தோல் டாக்டரின் வேலை. ஸ்டீராய்டு ஊசி போடுவார்கள். சீக்கிரம் போனால் நன்றாகக் கேட்கும்.

அரிப்போடு சுற்றிலும் பொரிப்பொரியாக வந்தால் நிக்கல் அலர்ஜி, நகையை மாற்றுங்கள். கம்பிக்கும் வெளித்தோலுக்கும் நடுவே சதை மெலிந்துகொண்டே வந்தால் உடம்பு வெளியே தள்ளுகிறது. கிழிவதற்கு முன்பு எடுத்துவிட்டால் தழும்பு சின்னதாக நிற்கும். மூக்குத்தியின் திருகு தளர்ந்து, தூக்கத்தில் மூச்சோடு உள்ளே போய் நுரையீரலில் சிக்கி, குழாய் விட்டு எடுக்க வேண்டிவந்தவர்கள் உண்டு. திருகு காணாமல் போய், விடாத இருமல் வந்தால் எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்கள். நாக்கு குத்தியபின் மூச்சுவிடவோ விழுங்கவோ கஷ்டமானால் 108.

பழைய ஊசியால் குத்திவிட்டார்கள் என்று சந்தேகம் வந்தால் நாளை என்று விடாதீர்கள். எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு சீக்கிரம் தொடங்க வேண்டும்; ஹெபடைடிஸ் பி-க்கும் உடனே ஊசி உண்டு. அரசு மருத்துவமனை அவசரப் பிரிவுக்கு நேராகப் போங்கள், அல்லது 1097 என்ற இலவச எண்ணில் கேளுங்கள்.

குத்திய தேதியைப் போனில் குறித்துவையுங்கள். அதிலிருந்து ஒரு வருடம் ரத்ததானம் செய்யக் கூடாது, முகாமில் கேட்டால் மறைக்காமல் சொல்லுங்கள். எம்ஆர்ஐ ஸ்கேனுக்கும் ஆபரேஷனுக்கும் போகும்போது எல்லா நகையையும் கழற்ற வேண்டும். ஓட்டை மூடாமலிருக்க பியர்சரிடம் கண்ணாடியிலோ பிளாஸ்டிக்கிலோ செய்த தற்காலிகத் தண்டைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். ஓட்டை இன்னும் ஆறாமலிருந்தால் மாற்றும் வேலையையும் அவரிடமே விடுங்கள்.